ரோவன்ஹில்லில் எல்லாமே ஐந்து நிமிடம்

எனக்கு வழி தெரியாது. ஐம்பத்திரண்டு வயதில் இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. லண்டன் வால்தம்ஸ்டோவில் இத்தனை வருடம் குடியிருந்தும், ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் ஒரு கணம் நின்று, கூட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துத்தான் காலை எடுத்து வைப்பேன். அதில் பெரிய குற்றம் இல்லை. வழி தெரியாதவர்கள் உலகத்தில் நிறையப் பேர். கேட்டுக் கேட்டுப் போய்ச் சேருகிறார்கள். என்னுடைய வியாதி வேறு. நான் வழி கேட்கிற ஆள் இல்லை, சொல்லுகிற ஆள். யாராவது காரை நிறுத்தி இடம் கேட்டால் 'தெரியாது' என்ற சொல் என் வாயில் வராது. கையை நீட்டி, "நேரே போய் இரண்டாவது இடப்பக்கம்" என்று சொல்லிவிடுவேன். (அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று நான் இன்றுவரை விசாரித்ததில்லை.)

இந்த வியாதி என் தம்பி அன்ரனின் கலியாணத்தைக் கவிழ்க்கப் பார்த்த கதைதான் இது.

அன்ரன் அயர்லாந்தில், மேற்குப் பக்கமாக உள்ள ஒரு சிறிய நகரத்தில், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை பார்க்கிறான். நல்ல பிள்ளை. குடி இல்லை, பூசை தவறமாட்டான். ஆனால் முப்பத்துநான்கு வயதுக்குள் மூன்று சம்பந்தம் பேசி மூன்றும் ஒரே இடத்தில் முறிந்தன. "பெடியன் திறம். ஆனா அயர்லாந்தெல்லோ? அங்க என்ன கிடக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிடுவார்கள்.

நாலாவதாக வந்தவள் குரோய்டனில் இருந்த நிரோஷா. இரண்டு பேரும் நாலைந்து மாதம் போனில் பேசி, பிடித்தும் போய்விட்டது. மிச்சம் இருந்தது அவளுடைய தகப்பன் சேவியர் அங்கிளின் தலையாட்டல் மட்டும்தான். அங்கிள் மன்னார்க்காரர். லண்டனில் ஓய்வு பெறும்வரை வீடு வீடாகக் கடிதம் போட்ட தபால்காரர். கால்நூற்றாண்டு தெருத் தெருவாக நடந்த மனிதருக்கு, நடக்காமல் எதையும் நம்ப முடியாது.

"மாப்பிள்ளையைப் படத்தில பாத்திட்டன், கதைச்சும் பாத்திட்டன். இடத்தை நடந்துதான் பாக்கோணும்," என்றார் போனில். "பிள்ளை றெஜினா, நீங்கள் அங்க போயிருக்கிறீங்களோ?"

"ஓம் அங்கிள். மூலை முடுக்கெல்லாம் எனக்குத் தண்ணிபட்ட பாடு."

உண்மை என்னவென்றால், நான் ஒரு தடவை மூன்று நாட்கள் போயிருந்தேன். மூன்று நாளும் விடாமல் மழை. தம்பியின் காரில் இருந்து இறங்கி வீட்டுக்குள் போனவள், திரும்பக் காரில் ஏறத்தான் வெளியே வந்தேன். இடையில் நான் கண்ட அயர்லாந்து, சமையலறை ஜன்னலுக்கு வெளியே தெரிந்த ஒரு சாம்பல் நிறச் சுவர். பாசி படர்ந்து, நடுவில் ஒரு வெடிப்போடு இருந்தது. அந்தச் சுவர் மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

அங்கிள் ஒரு விபரம் எழுதி அனுப்பச் சொன்னார். நான் போனில் வரைபடத்தைத் திறந்து, ரோவன்ஹில் என்ற அந்தக் குடியிருப்பை விரலால் பெருப்பித்துப் பார்த்தேன். பச்சையாகத் தெரிந்ததைப் பூங்கா என்று எழுதினேன். நீலமாகத் தெரிந்ததை ஏரி என்று எழுதினேன். தூரம் கணக்கிட ஒரு வழி கண்டுபிடித்தேன்: என் சுட்டுவிரல் நுனியின் அகலம் ஐந்து நிமிடம். (ஏன் ஐந்து என்று கேட்காதீர்கள். ஐந்து நிமிடம் என்றால் எல்லாருக்கும் பிடிக்கும்.) அப்படி விரலை வைத்து வைத்து அளந்ததில், கோயில் ஐந்து நிமிடம், பள்ளிக்கூடம் ஐந்து நிமிடம், பெரிய கடை ஐந்து நிமிடம், நூல்நிலையம் ஐந்து நிமிடம், பஸ் தரிப்பிடம் ஐந்து நிமிடம் என்று பதினொரு வசதிகள் வந்தன. கடைசியில், 'மிகவும் அமைதியான, சமதரையான இடம்' என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்பினேன்.

அடுத்த நாள் பதில் வந்தது. "நன்றி பிள்ளை. பிரிண்ட் எடுத்து வைச்சிருக்கிறன். ஈஸ்டருக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை நாங்கள் மூண்டு பேரும் வாறம். நீங்கள்தான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டோணும்."

பயணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது அன்ரன் போன் எடுத்துக் கெஞ்சினான். "அக்கா, எனக்கு அண்டைக்கு ஒரு மணி வரைக்கும் ஷிப்ட். நீங்கள் பஸ்ஸால இறங்கி டாக்சி பிடிச்சு நேர வீட்டுக்கு வாங்கோ. என்ர கூட்டாளிமார் குடும்பமா வந்து சமைப்பினம். கதவு திறந்திருக்கும், ஆக்கள் நிப்பினம். தயவுசெய்து அங்க இஞ்ச நடத்தித் திரியாதேங்கோ. இந்த முறையும் குழம்பினா நான் இனிக் கலியாணமே கேக்கமாட்டன்." பிறகும் ஏதோ சொன்னான், பின்வீட்டுப் பெரியவர் யாரோ தவறிப்போனார் என்று. நான் பயற்றம் பணியாரத்துக்கு மா அரித்துக்கொண்டிருந்ததால் "ஓம், ஓம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை விமானத்தில் போய், பஸ்ஸில் மூன்று மணிநேரம் இருந்து, ரோவன்ஹில் அடிவாரத்தில் இறங்கினோம். 'அடிவாரம்' என்று தெரிந்தே எழுதுகிறேன். இறங்கி நிமிர்ந்து பார்த்தால், வீடுகள் எல்லாம் தலைக்கு மேலே வரிசையாக நின்றன. வரைபடத்தில் மேடு பள்ளம் தெரியாது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அங்கிள் கோட் பையிலிருந்து பிரிண்டை எடுத்தார். மற்றப் பையிலிருந்து ஒரு பேனையை எடுத்தார். 'சமதரையான இடம்' என்ற வரியைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். அந்த வரிக்குப் பிழை என்று ஒரு புள்ளடி போட்டார்.

அவருக்குப் பின்னால் அவருடைய மனைவி பிலோமினா அன்ரி, மாம்பழ நிறக் காஞ்சிபுரச் சேலையும் அதற்கு மேலே ஒரு குளிர் ஜாக்கெட்டுமாக நின்றார். நிரோஷா பலகார டின் இரண்டையும் தூக்கிக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"டாக்சி பிடிப்பமே, அக்கா?" என்றாள்.

"என்னத்துக்கு டாக்சி? ஐஞ்சு நிமிசம்!" என்றேன் நான்.

முதலில் ஏரி. கம்பி வேலிக்குப் பின்னால் ஒரு பழைய கல்லுடைத்த குழியில் மழைத் தண்ணீர் நின்றது. 'ஆபத்து, கிட்டப் போகாதே' என்று பலகை. அங்கிள் புள்ளடி போட்டார். அடுத்தது நூல்நிலையம். அது புத்தகம் ஏற்றிவரும் ஒரு வான் வண்டி. இரண்டு கிழமைக்கு ஒருமுறை செவ்வாய்க்கிழமை வந்து நிற்கும் என்று தூணில் ஒட்டியிருந்தது. பூங்காவில் 'பந்து விளையாடத் தடை' என்ற பலகையையே கோல் கம்பமாக வைத்துப் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். அதன் நடுவில் ஒரு குதிரை, யாரையும் சட்டை செய்யாமல் புல் மேய்ந்தது.

"குதிரை ரிப்போட்டில இல்லையே, பிள்ளை," என்றார் அங்கிள்.

பெரிய கடை என்று நான் எழுதியது ஒரு பெற்றோல் நிலையம். ஆனால் அதற்குள்ளே பாண், பூங்கொத்து, நிலக்கரி மூட்டை, சுடச்சுடக் கோழி வைத்த ரொட்டி, தபால் அனுப்ப ஒரு மூலை எல்லாம் இருந்தன. தபால் மூலையைக் கண்டதும் அங்கிளின் முகம் சற்று இளகியது. அரைச் சரி போட்டார். அன்றைய நாளில் எனக்குக் கிடைத்த முதல் புள்ளி அது.

கோயில்தான் என்னைக் கவிழ்த்தது. கோபுரம் கண்ணுக்கு முன்னே தெரிந்தது. ஆனால் அதற்குப் போகிற ஒவ்வொரு தெருவும் ஒரு சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. அந்த ஊரில் குடியிருப்புகளை அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். போன வழியாலேயே திரும்பி வந்து, பெருந்தெருவுக்கு இறங்கி, அடுத்த தெருவால் ஏறவேண்டும். நாங்கள் மூன்று தடவை ஏறி மூன்று தடவை இறங்கினோம். தூறலும் தொடங்கியது. மூன்றாவது சுவருக்கு முன்னால் அன்ரி நின்றுவிட்டார்.

"என்ர பிள்ளை கோயிலுக்குப் போறதெண்டா மதில் பாயோணுமோ?" என்றார்.

அந்தக் குரலில் நாலாவது சம்பந்தமும் முறிகிற சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. இனி நடை போதும், சுடச்சுடத் தேநீரைக் கொடுத்தால் மனம் மாறும் என்று நினைத்து, நேரே தம்பியின் வீட்டுக்குப் போவோம் என்றேன்.

அங்கே இன்னொரு சங்கதி. ஊரில் யாரோ புதுப் பெயர் யோசிக்கப் பஞ்சிப்பட்டிருக்கிறார்கள். ரோவன்ஹில் அவெனியூ, ரோவன்ஹில் டிரைவ், ரோவன்ஹில் குளோஸ், ரோவன்ஹில் குரோவ் என்று எல்லாத் தெருவுக்கும் ஒரே பெயர், வால் மட்டும் வேறு. வீடுகளும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றுபோல. நான் 'ரோவன்ஹில்' என்ற பலகையைக் கண்டதும் விறுவிறு என்று உள்ளே நடந்தேன்.

"பிள்ளை, இது குளோஸ் எண்டு கிடக்கு," என்றார் அங்கிள் பின்னாலிருந்து. "ரிப்போட்டில டிரைவ் எண்டெல்லோ எழுதியிருக்கிறியள்?"

ஒரு தபால்காரரைப் பார்த்து, நான் சொன்ன பதில் இது: "அதெல்லாம் ஒண்டுதான் அங்கிள். அயர்லாந்தில உந்த வால்களை ஆரும் பாக்கிறேல்லை."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். கோயிலில் யாராவது கெட்ட வார்த்தை பேசினால் பார்ப்பதுபோல இருந்தது அந்தப் பார்வை.

ஆனால் தம்பியின் இலக்கமான இருபத்தேழைக் கண்டதும் எனக்கு உயிர் வந்தது. வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. கதவு விரியத் திறந்திருந்தது. ஆட்கள் உணவுத் தட்டுகளைக் கையில் ஏந்திக்கொண்டு உள்ளே போனார்கள். "பாத்தீங்களோ! தம்பி என்ன மாதிரி ஆயத்தம் செய்திருக்கிறான்!" என்று சொல்லிக்கொண்டு முதல் ஆளாக நுழைந்தேன்.

உள்ளே எல்லாரும் கறுப்பில் இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்காரர் மதிப்பாக உடுத்தியிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் என் இரண்டு கைகளையும் பிடித்து, இவ்வளவு தூரம் வந்தீர்களே, உங்களுக்குப் பெரிய மனசு என்றார். (பெயர் அய்லீன் என்று பிறகு தெரிந்தது.) "இது எங்கள் கடமை அல்லவா?" என்றேன் ஆங்கிலத்தில், குழைந்து. பலகார டின்களை நீட்டினேன். அவற்றைத் திறந்து சான்ட்விச்சுகளுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஒரு பெரியவர் பயற்றம் பணியாரத்தைக் கடித்துவிட்டுக் கண்ணை மூடித் தலையாட்டினார். எங்கள் நாலு பேர் கையிலும் தேநீர்க் கோப்பை வந்தது.

அதோடு நின்றிருக்கலாம். நான் வீடு காட்டத் தொடங்கினேன்.

சமையலறைக்குள் கூட்டிப் போய், யாருடையதோ அலுமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினேன். "அடுப்பைப் பாருங்கோ, ஆறு பேருக்குத் தாராளமாச் சமைக்கலாம்." பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் மரியாதையாக விலகி வழிவிட்டார்கள். நிரோஷா என் முழங்கையைச் சுரண்டினாள். "அக்கா, ஆர் ஆக்கள் இவையெல்லாம்? ஒரு பிரவுண் ஆளையும் காணேல்லை." எனக்கும் அப்போதுதான் லேசாக ஒரு சந்தேகம் தட்டியது. ஜன்னலால் வெளியே பார்த்தேன். சாம்பல் நிறச் சுவர். பாசி. நடுவில் ஒரு வெடிப்பு.

"இதுதான்! இந்தச் சுவரை எனக்கு நல்லாத் தெரியும்!" என்று கூவினேன். சுவருக்கு இரண்டு பக்கம் உண்டு என்பது என் புத்தியில் ஏறவே இல்லை.

அந்தத் தெம்பில், "வாங்கோ, இனி விருந்தாளிகளின்ர அறையைக் காட்டுறன்," என்று முன் அறைக் கதவைத் தள்ளித் திறந்தேன்.

இரண்டு மெழுகுதிரிகள். சுற்றிவரக் கதிரைகளில் ஆட்கள். நடுவில் சவப்பெட்டி. அதற்குள் நரைத்த தலையோடு ஒரு பெரியவர், கழுத்துப்பட்டி கட்டி, விரல்களில் செபமாலை சுற்றி, நிம்மதியாகப் படுத்திருந்தார்.

"யேசுவே!" என்றார் அன்ரி.

அங்கிள் பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பையிலிருந்த பிரிண்டைத் தொட்டுப் பார்த்தார். "இவரும் ரிப்போட்டில இல்லையே, பிள்ளை," என்றார் மெதுவாக.

நான் மாடிப்படிக்குக் கீழே போய் நின்று தம்பிக்கு அழைத்தேன். போனில் அவனுடைய பதினொரு தவறிய அழைப்புகள் இருந்தன. "தம்பி, நாங்கள் உன்ர வீட்டிலதான் நிக்கிறம். ஆனா இஞ்ச ஒருத்தர் செத்துப்போனார்," என்றேன்.

"அக்கா, நானும் என்ர வீட்டிலதான் நிக்கிறன். இஞ்ச ஒருத்தரும் சாகேல்லை."

அங்கிள் என் கையிலிருந்து போனை வாங்கினார். "தம்பி, சேவியர் கதைக்கிறன். இது ரோவன்ஹில் குளோஸ், இலக்கம் இருபத்தேழு. வாசலிலயே பாத்தனான். அக்கா வடிவாத் தெரியும் எண்டு சொன்னபடியால் பேசாமல் வந்தனான்."

அதற்குள் அன்ரி என்னை மூலைக்கு இழுத்துவிட்டார். "கலியாணம் பேச வந்து செத்த வீட்டுக்க கால் வைச்சிட்டம். இதை விடக் கூடாத சகுனம் இருக்கோ? நிரோ, வா, போவம்." அவருடைய கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது. எனக்கு ஒன்றும் இல்லை, போகிறது தம்பியின் வாழ்க்கை. ஒரு தடவை, ஒரேயொரு தடவை, 'எனக்குத் தெரியாது அங்கிள்' என்று சொல்லியிருந்தால் போதும். அந்த மூன்று சொல்லை விழுங்கிக்கொண்டுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

ஆனால் அங்கிள் போகவில்லை. ஒரு வீட்டில் இறந்தவருக்கு முன்னால் வந்த பிறகு, கும்பிடாமல் திரும்ப அவருக்குத் தெரியாது. உள்ளே செபமாலை தொடங்கியது. அவர் முழந்தாளிட்டார். ஒருவர் மாறி ஒருவராகப் பத்து மணிகளுக்குத் தலைமை தாங்கி வந்தார்கள். அங்கிளின் முறை வந்ததும் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தன் கனத்த குரலில் அருள்நிறை மந்திரத்தைத் தமிழில் சொல்ல, முழு அறையும் ஆங்கிலத்தில் மறுமொழி சொன்னது. ஒருவர்கூடத் தடுமாறவில்லை. அன்ரியும் மெல்ல மெல்லக் கதவண்டை வந்து, சேலையை ஒதுக்கி முழந்தாளிட்டார்.

முடிந்ததும் நான் அய்லீனிடம் உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இறந்தவர் அவருடைய தகப்பன். கோபிப்பார் என்று நினைத்தேன். "நீங்கள் அன்ரனின் அக்காவா?" என்று என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு அங்கிளின் பக்கம் திரும்பிச் சொன்னார்: அன்ரன் தினமும் வேலைக்குப் போகுமுன் பின்சுவரால் எட்டிப் பார்த்து, அப்பாவுக்குக் காலை வணக்கம் சொல்வாராம். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குக் காரில் ஏற்றிப் போவாராம். போன வியாழக்கிழமை காலை அப்பாவிடமிருந்து பதில் வராதபோது, சுவரேறிக் குதித்து வந்து பார்த்ததும், தனக்கு முதலில் போன் செய்ததும் அவர்தானாம்.

அங்கிள் எல்லாவற்றையும் கேட்டார். பையிலிருந்த பேனையை எடுத்து, மூடியைப் போட்டு, உள்பையில் செருகினார்.

"பிலோ, செத்த வீட்டுக்குப் போறது சகுனப்பிழை இல்லை. கடமை," என்றார். "உந்தப் பெடியனை ஒரு கடிதம் மாதிரி நான் முழுக்க வாசிச்சு முடிச்சிட்டன்."

அப்போது பின்பக்கமிருந்து "அக்கா!" என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால், சுவருக்கு மேலே தம்பியின் தலை. சுற்றிப் போவதென்றால் இன்னும் ஒரு ஏற்றமும் இறக்கமும். மழையும் பிடித்துவிட்டது. அய்லீனின் தமையன் கொட்டிலிலிருந்து ஒரு ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து சுவரில் சாத்தினார்.

முதலில் நிரோஷா ஏறினாள், விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு. அடுத்தது அன்ரி. காஞ்சிபுரத்தைத் தூக்கி இடுப்பில் செருகி, செபமாலையை வாயில் கவ்வி, கீழே கறுப்புக் கோட் போட்ட இரண்டு பேர் ஏணியைப் பிடிக்க, மேலேயிருந்து மருமகனாகப் போகிறவன் கையை நீட்ட, அன்ரி ஒரு வழியாகச் சுவரின் உச்சியில் போய் இருந்தார். செத்த வீட்டுச் சனம் முழுவதும் ஜன்னலில் நின்று கைதட்டியது. அன்ரி செபமாலையை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சுற்றிவரப் பார்த்தார்.

"இஞ்சேருங்கோப்பா!" என்று கத்தினார். "கோயில் வடிவாத் தெரியுது! ஐஞ்சு நிமிசம்தான் இருக்கும்!"

அடுத்த வருடம் குரோய்டனில் கலியாணம் நடந்தது. அய்லீன் வந்திருந்தார். (அவருக்கு வழி எழுதி அனுப்ப நான் போனை எடுத்ததும், அங்கிள் அதை என் கையிலிருந்து பறித்து, தானே எழுதினார்.) அந்தப் பின்சுவரில் இப்போது ஒரு சிறிய படலைக் கதவு இருக்கிறது. என் ரிப்போட்டை நிரோஷா கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டு வாசலில் தொங்கவிட்டிருக்கிறாள். பதினொரு புள்ளடி, ஒரு அரைச் சரி. அடியில் பதின்மூன்றாவதாக, அங்கிளின் குண்டுக் கையெழுத்தில் ஒரு வரி: 'அயல். சுவருக்கு அந்தப் பக்கம்.' அதற்கு மட்டும் பெரிதாக ஒரு முழுச் சரி.

நான் திருந்திவிட்டேன் என்று எழுதத்தான் ஆசை. போன மாதம் அங்கிள், அன்ரி, என் கணவர், நான் எல்லாரும் அப்டன் பார்க்கில் ஒரு சேலைக் கடையைத் தேடிப் போனோம். ரயிலால் இறங்கியதும் கூட்டத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "என்னோட வாங்கோ, எனக்கு வழி தெரியும்," என்றேன். என் கணவர், "ஏணி எடுத்துக்கொண்டு வரவோ?" என்று கேட்டார். வீட்டில் இது வழக்கமான கேள்விதான், நான் கணக்கெடுப்பதில்லை.

அன்ரியோ கைப்பையை அங்கிளிடம் கொடுத்துவிட்டு, நடுத்தெருவில் நின்று, சேலையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.